5 மணிக்கு பப்ஸ் கேட்கும் வயிறும் மதிய லஞ்ச் பாக்ஸும்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வயது 34. கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை. ஆபீசில் நடந்த உடல் பரிசோதனையில் மூன்று மாத சர்க்கரை அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, 5.9 என்று வந்திருக்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பயந்துபோய், காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். மதியம் உருளைக்கிழங்கு வறுவலோடு கொண்டுபோகும் லெமன் சாதத்தையும் பாதியாக்கிவிட்டீர்கள். ஆனால் 5 மணிக்கு எதிர் பேக்கரிக்குப் போனால் டீயோடு ஒரு பப்ஸ், சில நாள் கூடவே தேங்காய் பன். வீட்டுக்கு வந்ததும் மிக்சர் டப்பா. 10 மணிக்குச் சாப்பாடு, 1 மணிக்குத் தூக்கம். “பகலெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு சாயங்காலம் தோற்றுப்போகிறேன். ஆசையை அடக்கும் மன உறுதியை எப்படி வளர்ப்பது? 21 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பழக்கமாகிவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கோவையில் 18 வருடமாக டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் எடை என்று வருகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் மன உறுதியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஒரு நாளை நீங்களே எழுதியிருக்கும் விதத்தைப் படித்தால், எனக்கு முதலில் தெரிவது பசி. சாயங்காலம் 5 மணிக்கு நீங்கள் பேக்கரி வாசலில் நிற்கும்போது உங்கள் உடம்பு கிட்டத்தட்ட பட்டினியில் இருக்கிறது. அந்த நேரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக பப்ஸ் தெரிந்தால் கை நீளத்தான் செய்யும். அதனால் 5 மணிப் பிரச்சினையை 5 மணிக்குத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அதைக் காலை 8 மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் தீர்த்துவிட முடியும் என்பதைத்தான் இந்தப் பதில் முழுக்கச் சொல்லப்போகிறேன்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் தந்த அளவின்படி, ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினம் 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடை என்று வைத்துக்கொண்டால் 54 கிராம். நீங்கள் 5 மணி வரை சாப்பிட்டது என்ன? இரண்டு இட்லியில் ஏறக்குறைய 4 கிராம். சட்னியில் பெரிதாக ஒன்றும் இல்லை. பாதியாக்கிய லெமன் சாதம், 75 கிராம் அரிசி என்றால் 6 கிராம். உருளைக்கிழங்கு வறுவலில் ஒன்றோ இரண்டோ. இரண்டு மூன்று முறை குடித்த டீ, காபியில் இருக்கும் பாலையும் சேர்த்தாலும் மொத்தம் 20 கிராமைத் தாண்டாது. காய் ஒரு கைப்பிடிகூட இல்லை, கிழங்கைக் காய்க் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. புரதமும் நார்ச்சத்தும் குறைந்த சாப்பாடு வயிற்றில் அதிக நேரம் நிற்காது. நீங்கள் சாதத்தைக் குறைத்தது சரிதான், ஆனால் எடுத்த இடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை. நம் ஊரில் ‘டயட்’ என்று ஆரம்பிக்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அதே நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான புதிய உணவு வழிகாட்டுதலை வெளியிட்டது. ஒரு நாளைக்கு 2,000 கலோரிக்கான தட்டு என்று அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், கீரையும் காயும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கடலை, எள், பாதாம் போன்றவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியமும் பருப்பும் சமைக்காத எடை. இதை முதல்முறை பார்க்கிறவர்கள் அரிசி அளவைப் பார்த்துத்தான் அதிர்ச்சி அடைகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பருப்பும் காயும். நான்கு பேருக்கு ஒரு ஆழாக்குப் பருப்பைக்கூட முழுதாகப் போடாமல் தண்ணீராக வைத்த சாம்பாரில் ஆளுக்கு 15, 20 கிராம் பருப்பு வந்தால் அதிகம். 400 கிராம் காய் என்பது வெந்த பிறகு ஏறக்குறைய மூன்று கப். நம் வீடுகளில் பொரியல் என்பது தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி, தொட்டுக்கொள்ள. அதைத் தட்டின் பாதிக்குக் கொண்டுவருவதுதான் உண்மையான மாற்றம். அரிசியைத் திட்டிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை.

லஞ்ச் பாக்சில் இதை எப்படிச் செய்வது? உங்கள் வீட்டில் அம்மா சமைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காலை 7 மணிக்குள் சமையல் முடிய வேண்டிய வீட்டில், கலவை சாதம் சுலபம் என்பதால்தான் அது தினமும் வருகிறது. அதை நிறுத்தச் சொல்லி அம்மாவுக்கு வேலையைக் கூட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப் போட்டு, மறுநாள் குக்கரில் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்கு வரும். லெமன் சாதத்தோடு ஒரு கப் சுண்டல், அல்லது இரண்டு அவித்த முட்டை. பெரிய டப்பாவில் சாதமும் சின்ன டப்பாவில் பொரியலும் எடுத்துப்போகிறவர்கள் டப்பாவை மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பெரியதில் பொரியல் அல்லது கூட்டு, சின்னதில் சாதம். பீன்ஸ், முட்டைக்கோஸ், அவரைக்காய், கொத்தவரங்காய், சுரைக்காய், எது வீட்டில் இருக்கிறதோ அது. காய் நறுக்கும் வேலையை ராத்திரியே நீங்கள் செய்துவைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொண்ட குடும்பங்களில்தான் மாற்றம் நிலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். சமைக்கிறவர் மேலேயே எல்லாவற்றையும் போட்டால் இரண்டாவது வாரம் பழையபடி உருளைக்கிழங்கு வறுவல் வந்துவிடும், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

அப்புறம் 5 மணிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். தினமும் 5 மணிக்கு பப்ஸ் கொடுத்துப் பழக்கினால் உடம்பு 5 மணிக்குத் தயாராகக் காத்திருக்கும். அதனால் 4.15க்கே உங்கள் டேபிளில் எதையாவது சாப்பிட்டுவிடுங்கள். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவித்ததோ வறுத்ததோ, 30 கிராம் போதும், 7 கிராம் புரதம் கிடைக்கும். அல்லது பொட்டுக்கடலை, சுண்டல், ஒரு கொய்யா. ஒரு டம்ளர் மோரும் இருந்தால் நல்லது. பசி வருவதற்கு முன்னால் சாப்பிடுவதா என்று பலர் தயங்குவார்கள், கலோரி கூடிவிடுமே என்று. கூடும், 170 கலோரி வரை கூடும். ஆனால் அதைச் சாப்பிட்டவர் பேக்கரியில் டீயோடு நிறுத்திக்கொள்ள முடிகிறது, சாப்பிடாதவரால் முடிவதில்லை. மில்லில் மதிய ஷிப்ட் பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். சாயங்கால இடைவேளையில் கேட்டுக்கு வெளியே நான்கு வடை சாப்பிடுவார். வடையை நிறுத்துங்கள் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கடலை வைத்துக்கொண்டு, இடைவேளைக்கு அரை மணி முன்னால் சாப்பிடச் சொன்னேன். வடை தானாக ஒன்றுக்கு வந்தது. அவரே ஆச்சரியப்பட்டார்.

இதைச் செய்யும்போது மனதுக்குள் ஒரு சின்ன வாக்கியம் தயாராக இருக்கட்டும். “பேக்கரிக்குள் நுழைந்ததும், சர்க்கரை கம்மியா ஒரு டீ மட்டும் என்று முதலில் நான் சொல்லிவிடுவேன்.” இப்படி ‘இன்னது நடந்தால் இன்னது செய்வேன்’ என்று இடத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிபோட்டு வைப்பதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006இல் வந்த கட்டுரையில், வெறுமனே ‘இனி நல்லபடியாகச் சாப்பிடுவேன்’ என்று நினைப்பதைவிட இது தெளிவாக அதிகம் உதவுகிறது என்று தெரிந்தது. உணவு விஷயத்தில், புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு நன்றாகவும் பழைய ஒன்றை விடுவதற்குக் கொஞ்சம் குறைவாகவும் உதவுகிறது என்பதே என் அனுபவம். அதனால் ‘பப்ஸ் சாப்பிட மாட்டேன்’ என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளாதீர்கள். கடலையையும் டீயையும் பற்றிய வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மன உறுதி. இந்த விஷயத்தில் உங்கள் மேல் நீங்களே சுமத்திக்கொண்ட பழியை இறக்கிவைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 2012இல் வில்ஹெல்ம் ஹோஃப்மன் குழுவினர் ஜெர்மனியில் 205 பேரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, பகலில் அவ்வப்போது அதன் வழியாகக் கேட்டார்கள்: இப்போது ஏதாவது ஆசை வருகிறதா, அதை எதிர்க்கிறீர்களா என்று. சுயகட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு அதிகம் சண்டை போடுகிறவர்களாக இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்களுக்குச் சண்டையே குறைவாக இருந்தது. ஆசை கிளம்பும் இடத்திலிருந்து முன்கூட்டியே விலகி வாழ்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். என் நோயாளிகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன். வீட்டில் மிக்சர் வாங்காதவருக்கு மிக்சரை எதிர்க்கும் வேலை இல்லை.

குழந்தைகளை வைத்து ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் செய்த மார்ஷ்மல்லோ சோதனையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொல்வது. காத்திருந்த குழந்தைகள்தான் பிற்காலத்தில் முன்னேறினார்கள் என்ற பகுதி மேடைப் பேச்சுகளில் அடிக்கடி வரும். 2018இல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு மிகவும் சுருங்கிப்போனது. ஆனால் அந்தச் சோதனைகளில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி எனக்குப் பிடிக்கும். மிட்டாய் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தபோது குழந்தைகளால் கொஞ்ச நேரம்தான் காத்திருக்க முடிந்தது. மூடி வைத்தபோது, அல்லது வேறு எதையாவது நினைக்கச் சொன்னபோது, பல மடங்கு நேரம் காத்திருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரிக் குழந்தைகள்தான், சூழல்தான் வித்தியாசம். ‘மன உறுதி பேட்டரி மாதிரி, பகலில் செலவானால் சாயங்காலம் தீர்ந்துவிடும்’ என்பதும் பிரபலமான கருத்து. 1998இல் வந்த ஒரு சோதனையிலிருந்து அது பரவியது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அந்த விளைவைச் சரிபார்த்தபோது ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்ற விளக்கத்தை நான் நம்புவதில்லை. தூக்கமும் சாப்பாடும் போதாதவர் சாயங்காலம் தளர்ந்துபோகிறார் என்ற எளிய விளக்கமே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

வீட்டு மிக்சர் டப்பாவுக்கு வருவோம். அது ஹாலில் டிவி ஸ்டாண்ட் மேல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சமையலறை மேல் தட்டில், உள்ளே இருப்பது தெரியாத எவர்சில்வர் சம்படத்தில் போட்டு வையுங்கள். முன்வரிசையில் பழம், வறுத்த கடலை. இதைக் கேட்டால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஸ்டூல் போட்டு எடுக்க வேண்டிய ஒன்றைக் கவனமில்லாமல் யாரும் சாப்பிடுவதில்லை. சாப்பிட வேண்டும் என்று தோன்றினால் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மொபைலைப் பார்த்தபடி சாப்பிட்டால் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. முன்னால் இருக்கும் அளவு கூடக்கூடச் சாப்பிடுவதும் கூடும் என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம்.

இன்னொன்றும் உறுதி. பாக்கெட் நொறுக்குத்தீனி, இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் போன்ற ஆலைத் தயாரிப்பு உணவுகள் நம்மைத் தேவைக்கு மேல் சாப்பிடவைக்கின்றன. 2019இல் கெவின் ஹால் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை நான்கு வாரம் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலை உணவும் இரண்டு வாரம் வீட்டுச் சமையல் மாதிரியான உணவும் கொடுத்தார். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமமாக இருந்தன, வேண்டுமளவு சாப்பிடலாம். ஆலை உணவு சாப்பிட்ட வாரங்களில் அவர்கள் நாளைக்கு 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், சராசரியாக 900 கிராம் எடை கூடினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் கவனமாகச் செய்தது. நம் ஊர் பேக்கரி பப்ஸ் இதில் எந்த வகை என்று வாதாடலாம். மைதாவும் மார்ஜரினும்தான் அது. 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருப்பதால் பழைய பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் வயிறு நிறையாமல் கலோரி ஏற்றுவதில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

21 நாள் கதைக்கு வருகிறேன். அது மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். சாப்பாட்டைப் பற்றியே அவர் பேசவில்லை, ‘குறைந்தது’ என்ற சொல்லும் வழியில் உதிர்ந்துபோனது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரை வைத்து இதை நேரடியாகவே அளந்தார். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், ஒரு கிளாஸ் தண்ணீர் என்று ஆளுக்கொரு செயலைத் தேர்ந்தெடுத்து 84 நாள் தினமும் செய்தார்கள். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள். (அந்த 254, 84 நாளுக்குப் பிறகும் அதே போக்கில் போனால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கிடைத்த எண், அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.) உங்களுக்குப் பயன்படும் தகவல் இது: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலரும் ஒரு பப்ஸ் சாப்பிட்டுவிட்டால், ‘இன்றைக்குக் கெட்டுவிட்டது, இனி என்ன’ என்று ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிடுகிறார்கள். 1975இலேயே ஒரு சோதனையில், டயட்டில் இருந்தவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தபோது அதற்குப் பிறகு அவர்கள் ஐஸ்கிரீமைக் குறைக்காமல் அதிகமாகவே சாப்பிட்டார்கள். விதி உடைந்துவிட்டது என்ற எண்ணமே அதிகம் சாப்பிடவைத்தது. விதி எவ்வளவு கடுமையோ, உடைந்ததும் சரிவும் அவ்வளவு. உங்கள் ‘21 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு’ திட்டத்தில் எனக்கு இருக்கும் பயம் இதுதான். சாப்பிட்டுவிட்டால் சாப்பிட்டாகிவிட்டது. ராத்திரிச் சாப்பாடு ராத்திரிச் சாப்பாடாகவே நடக்கட்டும்.

என் வேலையில் நான் செய்த பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கைந்து வருடம், வந்தவர்கள் எல்லோருக்கும் அச்சடித்த ஒரே தாளைக் கொடுத்து அனுப்பினேன். 1,500 கலோரி, காலை 8க்கு இது, 11க்கு அது என்று. ஒரு அம்மா ஆறு மாதம் கழித்து வந்தார், சர்க்கரை அப்படியே இருந்தது. தாளை மடிப்புக் கலையாமல் ஃபைலில் வைத்திருந்தார். “ஆறு பேருக்கு ஒரு குழம்புதாங்க வைக்கிறேன், எனக்குன்னு தனியா எப்படிங்க வைக்கிறது” என்றார். அந்த ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது. அன்றிலிருந்து, வீட்டில் யார் சமைக்கிறார்கள், யார் கடைக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு எந்த வழியாக வீடு திரும்புகிறீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

சந்தேகமான விஷயங்கள் சிலவற்றையும் பிரித்து வைத்துவிடுகிறேன். சின்னத் தட்டில் சாப்பிட்டால் குறைவாகச் சாப்பிடுவோம் என்பதை நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன். அந்த மாதிரி ஆய்வுகளால் பிரபலமான ஓர் அமெரிக்கப் பேராசிரியரின் கட்டுரைகள் பல 2018 வாக்கில் திரும்பப் பெறப்பட்ட பிறகு, நான் அதை அடித்துச் சொல்வதில்லை. போட்டுக்கொள்ளும் அளவுதான் முக்கியம், தட்டு எதுவானாலும். முதலில் காயும் புரதமும், கடைசியில் சாதம், ரொட்டி போன்ற மாவுச்சத்து என்று வரிசை மாற்றிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று 2015இல் ஒரு ஆய்வு வந்தது. 11 பேரை வைத்துச் செய்தது, ஆனால் அதற்குப் பிறகு வந்தவையும் அதே திசையில்தான் இருக்கின்றன. செலவில்லாத விஷயம், செய்து பார்க்கலாம். ராத்திரி சாதத்துக்குப் பதில் சப்பாத்தி என்பது அவ்வளவு பெரிய மருந்து இல்லை. உருளைக்கிழங்கு குருமாவோடு நான்கு சப்பாத்தி, ஒரு தட்டு சாதத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் சர்க்கரையை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள், அதாவது நாளைக்கு 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது. டீ, காபி நான்கு முறை, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் அதிலேயே 35, 40 கிராம் போய்விடும். சிறுதானியம் நல்லதுதான், ஆனால் கம்பு தோசையும் அளவோடுதான்.

தூக்கத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிதாகப் படுகிறது. தினமும் ஆறரை மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும், உடல் எடை கூடிய 80 பேரை வைத்து சிகாகோவில் செய்த ஒரு ஆய்வு 2022இல் வந்தது. தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகக் கூட்டியவர்கள், சாப்பாட்டைப் பற்றி எந்த அறிவுரையும் இல்லாமலே, கூட்டாதவர்களோடு ஒப்பிட்டால் நாளைக்கு 270 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒரு பப்ஸ் அளவு. 1 மணியை 12 ஆக்க முடியுமா என்று பாருங்கள். ராத்திரிச் சாப்பாட்டை எட்டரைக்குக் கொண்டுவந்து, சாப்பிட்டபின் மொட்டை மாடியிலோ தெருவிலோ 15 நிமிடம் நடந்தால் சாப்பிட்டதால் ஏறும் சர்க்கரையும் குறையும்.

5.9 என்ற எண்ணைப் பற்றி. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். 2023இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நம் நாட்டில் 13 கோடியே 60 லட்சம் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். இதிலிருந்து எல்லோரும் சர்க்கரை நோய்க்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதே மாதிரி நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மூன்று வருடத்துக்குள் 28.5 சதவீதம் குறைந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்ததும் ஏறக்குறைய அதே பலனைத்தான் தந்தது. நம் அரிசிச் சாப்பாட்டு ஊர்க்காரர்களையும் வைத்துச் செய்தது என்பதால் இந்த எண்ணை நான் மதிக்கிறேன். ஒரு எச்சரிக்கை: இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ஹீமோகுளோபினையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது உங்கள் டாக்டர். நான் டாக்டர் இல்லை, இங்கிருந்து உங்கள் ரிப்போர்ட்டைப் படித்து ஒன்றும் சொல்ல முடியாது. அதேபோல, யாருக்கும் தெரியாமல் நிறுத்த முடியாத அளவுக்குச் சாப்பிடுவது, பிறகு வாந்தி எடுப்பது, வெட்கத்தில் நாள் முழுக்கப் பட்டினி கிடப்பது என்று ஏதாவது இருந்தால், நான் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அதற்கு மனநல மருத்துவர் உதவி வேண்டும், அதில் தயங்கவே கூடாது. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் திங்கட்கிழமையே ஆரம்பிக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் 4.15 மணிக் கடலை மட்டும். அது பழகியபின் லஞ்ச் பாக்சில் சுண்டல் அல்லது முட்டை. அதன்பின் டப்பா மாற்றம், அப்புறம் தூக்கம். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுங்கள், அதற்கு முன்னால் எடுத்தால் ஹெச்பிஏ1சி முழு மாற்றத்தைக் காட்டாது. தீபாவளி, கல்யாணம், பிரசாதம் எல்லாம் நடுவில் வரும், அன்றைக்குச் சாப்பிடுங்கள். வருடத்தில் அப்படி இருபது முப்பது நாள் வரலாம், அவை உங்கள் சர்க்கரையைத் தீர்மானிக்கப்போவதில்லை.

கடைசியாக, பப்ஸை முழுக்க விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆபீஸ் நண்பர்களோடு வெள்ளிக்கிழமை ஒன்று சாப்பிடுங்கள். 4.15க்குக் கடலை சாப்பிட்ட வயிற்றோடு போங்கள். நின்றபடி இரண்டு கடியில் முடிக்காமல், உட்கார்ந்து, போனை உள்ளே வைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் நிதானமாகச் சாப்பிடுங்கள். மற்ற நாலு நாள் டீ மட்டும், சர்க்கரை கம்மியா.